கிளைட் நதியின் அணைக்கட்டும் நூற்பாலைச் சிற்றூரும்

பஞ்சாலை என்றதும் உயர்ந்த புகைபோக்கியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், பிரிட்டனில் அத்தொழில் வேரூன்றிய நாளில் இயந்திரங்களைச் சுழற்றியது பெரும்பாலும் ஆற்று நீரே. நீர் எங்கே வீழ்ந்ததோ, அங்கே ஆலை போயிற்று. ஆலையைத் தொடர்ந்து ஊர் தோன்றியது. அவ்வாறு தோன்றிய ஊர்களுள் ஒன்று, ஸ்காட்லாந்திலுள்ள நியூ லானர்க்.

கிளைட் நதி லானர்க் நகருக்கு அருகே அடுத்தடுத்து அருவிகளாக இறங்குகிறது. கிளாஸ்கோ வணிகரான டேவிட் டேல் என்பவரும், நீரால் இயங்கும் நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட்டும் 1784ஆம் ஆண்டில் இவ்விடத்தைக் கண்டு தேர்ந்தனர். நதியின் குறுக்கே தாழ்ந்த அணையொன்று எழுந்தது. அது நீரைத் தேக்கும் பேரணையன்று, திருப்பிவிடும் அணையேயாகும். நம்மிடமிருந்து ஆங்கிலேயர் ‘அனிகட்’ என்று பெற்றுக்கொண்டார்களே, அந்த அணைக்கட்டின் இனத்தைச் சேர்ந்தது. திருப்பிய நீர், பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சென்று ஆலைச் சக்கரங்களின்மேல் பாய்ந்தது. 1786இல் நூற்புத் தொடங்கியது. 1788இல் முதல் ஆலை தீக்கிரையாயிற்று. மறு ஆண்டே மீண்டும் எழுந்தது.

நீர் கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை. செங்குத்தான பள்ளத்தாக்கில் வந்து, மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உண்ணும் வாழ்வை ஏற்க அண்டைக் குடியானவர்கள் விரும்பவில்லை. 1791இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட கப்பலொன்று புயலால் திரும்பிவர, அதிலிருந்த மலைநாட்டுக் குடும்பங்கள் சிலவற்றை டேல் அழைத்துக் கொண்டார். அதுவும் போதவில்லை. எடின்பரோவிலும் பிறவிடங்களிலும் இருந்த ஏழை விடுதிகளிலிருந்து சிறுவர் சிறுமியரைத் தருவித்தார். 1800ஆம் ஆண்டில் அங்கு இருந்தவர் ஏறத்தாழ 500 பேர். அவர்களுள் ஐந்து, ஆறு வயதினரும் சேர்க்கப்பட்டிருந்தனர். காலை ஆறு முதல் மாலை ஏழு வரை, உணவு வேளை நீங்கலாக, வேலை. டேல் இரக்கமுள்ளவர், நல்லுணவும் தூய படுக்கையும் தந்தார், இரவில் பாடமும் நடத்துவித்தார். பகலெல்லாம் நூலறுந்த இடத்தை முடிந்துகொண்டிருந்த குழந்தைக்கு இரவுப் பாடம் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

1800ஆம் ஆண்டு ஜனவரியில் நிர்வாகம் டேலின் மருமகனான ராபர்ட் ஓவனின் கைக்கு வந்தது. சூழ்நிலையே மனிதனை உருவாக்குகிறது என்பது அவர் கொள்கை. ஏழை விடுதிக் குழந்தைகளைத் தருவிப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டோரை வேலையினின்று விலக்கினார். நல்ல சரக்கை மொத்தமாக வாங்கி மலிவாக விற்கும் கடையொன்றை நடத்தி, அதன் இலாபத்தைப் பள்ளிக்குச் செலவிட்டார். அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டு ஆலை நின்ற நான்கு மாதமும் முழுக் கூலி கொடுத்தார். அதற்கு ஆன செலவு 7,000 பவுனுக்கு மேல்.

1816இல் திறந்த கல்விக்கூடத்தில், நடக்கத் தொடங்கிய மழலைகளுக்கும் இடமிருந்தது. ஆட்டமும் பாட்டும் பாடங்களாயின, அடித்தல் தடுக்கப்பட்டது. மழலையருக்கு ஆசிரியராக ஓவன் தேர்ந்தவர், எழுத்துக் கூட்டவே தடுமாறிய ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளர். புலமையைவிடப் பொறுமையையே அவர் வேண்டினார் போலும்.

ஆயினும், ஓவனைத் தொழிலாளரின் தோழர் என்று மட்டும் கூறிவிடுவது நமக்குச் சம்மதமன்று. ஒவ்வொருவர் இயந்திரத்தருகேயும் நான்கு நிறப் பக்கங்கள் கொண்ட சிறு மரத்துண்டு தொங்கியது. முந்திய நாள் நடத்தை தீயதாயின் கறுப்பு, மிக நன்றாயின் வெள்ளை. இடையே நீலமும் மஞ்சளும். இதன் பெயரை ‘மௌனக் கண்காணி’ என்று தமிழாக்கலாம். மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இதைவிட இலேசான சொல் கிடைக்கவில்லை, பொருளே இலேசானதன்று. ஊரின் நன்மையை ஓவன் வகுத்தார். ஊராரைக் கேட்டு வகுத்தாரல்லர்.

தம் ஊரில் செய்ததை நாட்டின் சட்டமாக்க அவர் 1815 முதல் முயன்றார். பத்து வயதுக்குக் குறைந்தோர்க்கு வேலை கூடாது, பதினெட்டுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்குப் பத்தரை மணியே வேலை என்று கோரினார். ஆலை முதலாளிகள் எதிர்த்தனர். 1819இல் நிறைவேறிய சட்டம், பருத்தியாலைகளில் ஒன்பது வயதை எல்லையாக்கி, பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குப் பன்னிரண்டு மணி நேரத்தை அனுமதித்தது. மேற்பார்வைக்கென்று தனி அதிகாரிகளும் இல்லை. ஓவன் மனம் கசந்தார். 1825இல் ஆலையும் வேறொரு குடும்பத்தின் கைக்கு மாறியது.

அதன்பின் கதை நெடியதன்று. 1968இல் ஆலை மூடப்பட்டது. வீடுகள் இடியத் தொடங்கிய நிலையில், 1974இல் அமைந்த அறக்கட்டளை அவற்றைச் சீர்படுத்தியது. 2001இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல் வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். கிளைட்டின் நீர் அதே கால்வாயில் வந்து, மின்சாரம் தருகிறது.

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல்தான் வந்தது. நூறு பேருக்குக் குறையாத ஆலைகளுக்கே அது பொருந்தியது. வேலைக்கு வைக்கக்கூடிய குழந்தையின் வயதை அது ஏழு என்று விதித்தது.