படைத்துறை உபரிக் கைத்துப்பாக்கிகள், சேகரிப்பு

படையிலிருந்து கழிக்கப்பட்டுப் பொதுமக்கள் கைக்கு வந்த பிஸ்டல், ரிவால்வர்களைத் தேடிச் சேர்க்கும் வழக்கம். அமெரிக்காவில் பரவலானது; தமிழ்நாட்டில் மிக அரிது.

செஞ்சி, வந்தவாசிப் போர்களின் காலத்தில் (வந்தவாசி, 1760) அவ்வட்டாரத்தில் புழங்கியவை சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கிகள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

சேகரிப்போர் பெரிதும் விரும்புவது வெப்லி ரிவால்வர். பிரித்தானியப் படை 1887இல் இதை ஏற்றது; .455 தோட்டா போடும் ஆறாம் வகை 1915இல் வந்தது. சுத்தியலுக்குப் பக்கத்திலுள்ள நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்புறம் மடியும். வெற்றுத் தோட்டாக்கள் ஆறும் ஒருசேர மேலெழும். கைப்பிடியின் அடியில் கயிறு மாட்ட ஒரு வளையம் உண்டு. உலோகத்தில் பதித்த அகன்ற அம்புக்குறி அரசுடைமையைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அது படையிலிருந்து விற்கப்பட்டது என்று பொருள். நகக்கண் அளவே உள்ள இந்த முத்திரையில் ஒரு துப்பாக்கியின் பாதி வரலாறு அடங்கியிருக்கிறது.

விடுதலைக்குப் பின் இவ்வழக்கத்தை ஒடுக்கியது தோட்டாவின் அளவே. 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகள் .380, .455, படைத்துறை 9 மி.மீ. தோட்டாக்களைச் சுடவல்ல கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்த வகையில் சேர்த்தன. அவற்றுக்கு உரிமம் தருவது மத்திய அரசு. பிற கைத்துப்பாக்கிகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்; விழுப்புரம் மாவட்டத்து வளவனூர்க்காரர் என்றால் விழுப்புரம் ஆட்சியரிடம். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியும்வரை கடலூருக்குப் போக வேண்டியிருந்தது. கான்பூர் தொழிற்சாலை வெப்லியின் வடிவைத் தழுவி .32 ரிவால்வர் செய்ததால், அந்தப் பழைய அமைப்பு சட்டத்துக்கு உட்பட்டே மக்களிடம் திரும்பி வந்தது.

வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள, பழுதான ஆயுதங்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பழுதுபார்த்தும் சுட முடியாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மூன்றுக்கும் பொதுவா, கடைசி வகைக்கு மட்டுமா என்பதில் இருவிதமாகப் பொருள்கொள்ள இடமுண்டு. பொதுவானது என்று கொள்வதே பாதுகாப்பு.

அமெரிக்காவில் 2018 முதல் எம்1911 பிஸ்டல்கள் குலுக்கல் வரிசைப்படி, ஆண்டுக்கு 10,000க்கு மேற்படாமல் விற்கப்பட்டன. இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்தாக வந்தவையும் இக்கணக்கில் அடங்கும். கூடுதலாக இருப்பதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் முத்திரைகளைப் படமெடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.