நீலச் சாயமும் 21 ரூபாயும்

டீசல் எரிவதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். பாதி உண்மை! எரியப்போகும் டீசல், போகிற வழியில் இன்னொரு வேலையும் பார்க்கிறது. டிராக்டரின் டீசல் பம்ப்புக்குள், தலைமுடி நுழையாத இடைவெளியில் உரசி ஓடும் பாகங்கள் தேயாமல் காப்பதும் அதேதான்.

அதில் மண்ணெண்ணெய் கலந்தால்? வண்டி ஓடும். சிக்கலே அதுதான். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு. பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஏதோ ஒரு உழவு நாளில் டிராக்டர் படுத்துவிடும். விவசாயி மெக்கானிக்கைத் திட்டுவார். கலந்தவன் எங்கேயோ இருப்பான்.

ஏன் கலந்தார்கள்? கணக்கு சிம்பிள். 2005-ல் டெல்லியில் டீசல் லிட்டர் சுமார் 30 ரூபாய். ஏழைகளுக்காக ரேஷனில் கொடுத்த மண்ணெண்ணெய் சுமார் 9 ரூபாய். வித்தியாசம் 21. ஒரு டேங்கரில் 2,400 லிட்டர் கலந்தால் 50,400 ரூபாய். வழியெல்லாம் பங்கு பிரித்தாலும் மிச்சம் நிற்கும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்தது. கில்லாடிகள் அதைக் களிமண்ணில் வடிகட்டிச் சாயத்தைக் கழற்றினார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி, கரும்பு பூமி. டிராக்டர்கள் அதிகம். அங்கே இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரியாக இருந்தவர் மஞ்சுநாத் சண்முகம். லக்னோ ஐ.ஐ.எம்-மில் படித்தவர், வயது 27. கலப்படம் செய்த பங்க்குக்கு சீல் வைத்தார். அது மறுபடி திறந்ததும், சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

தேசமே கொதித்தது. 2006-ல், கழற்ற முடியாதது என்று சொல்லி ஒரு ரசாயன அடையாளத்தை மண்ணெண்ணெயில் சேர்த்தார்கள். 2009 தொடக்கத்தில் அதுவும் கைவிடப்பட்டது. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டைப் பிடிக்கப்போன கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள்.

அப்புறம்? 2016 முதல் ரேஷன் மண்ணெண்ணெய் விலையைச் சில்லறை சில்லறையாக ஏற்றினார்கள். வீடுகளுக்கு மின்சாரமும் கேஸும் வர, தேவையும் குறைந்தது. 2020-ல் மானியம் பூஜ்யம். கலப்படத்தின் லாபத்துக்கு அடிவேரே அறுந்தது.

சாயம் செய்யாததை, ரசாயனம் செய்யாததை, விலைப்பட்டியல் செய்தது. மஞ்சுநாத் போய் அப்போது 15 வருடம் ஆகியிருந்தது.