கரி கட்டிய கார்

கோயமுத்தூரில் கார் ரேஸ் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நரேன் கார்த்திகேயனைத்தான் சொல்வார்கள். தப்பில்லை, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். ஆனால் அந்தப் பையன் முதல்முதலில் பந்தயத்துக்கு உட்கார்ந்த கார் எங்கே செய்தது என்று கேட்டால் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் விழிக்கிறார்கள். அது நம்மூரில் செய்த கார். செய்தவர் எஸ். கரிவரதன். நம்மூர்க்காரர்களுக்கு வெறும் 'கரி'. கரி என்றதும் அடுப்புக்கரியா என்று சிரிக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்: கரி என்றால் யானை. ஆனைக்கு அருள் செய்த பெருமாளின் பெயர் அது.

அந்தக் காலத்தில் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தி வந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம், எங்கள் பட்டறையிலிருந்து நாலு பேர் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ப் பார்த்தோம். மர நிழல் இல்லாத வெட்டவெளி, தூசி, காதைக் கிழிக்கிற சத்தம். எங்களுக்கு அதுதான் திருவிழா. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு எல்லாம் உள்ளிருந்த சீட்டையும் சாமானையும் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். பைக் ரேஸ் வந்தால் கூட்டம் எழுந்து நின்றுவிடும்.

ஒற்றை ஆள் உட்கார்ந்து ஓட்டும் நிஜமான ரேஸ் கார் என்றால் அது வெளிநாட்டிலிருந்து வந்த பழைய காராகத்தான் இருக்கும். விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டியிருக்கிறார். வரி கட்ட முடிந்தவன், லைசென்ஸ் வாங்க ஆள் பிடிக்கத் தெரிந்தவன் ஓட்டுவான். மற்றவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டுவான். ஓட்டுகிறவனின் திறமையா, அவன் அப்பாவின் பணமா, எது ஜெயிக்கிறது என்றே தெரியாது.

கரி லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை. 1954ல் பிறந்தவர். நினைத்தால் அவரும் நாலு கார் இறக்குமதி செய்து, கோப்பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரே சோழவரத்தில் ஓட்டியவர்தான். ஆனால் அவர் புத்தி பட்டறைப் பக்கம் போனது. அங்கேதான் அவர் மற்ற பணக்காரர்களிடமிருந்து வேறுபடுகிறார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். நம்மில் பலர் அதைப் பொம்மைக் கார் என்று கேலி செய்தோம். மெக்கானிக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு சௌகரியம் தெரிந்தது. அது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து ஒரே உருப்படி. அப்படியே இறக்கி, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அது பின்சக்கரத்தைத் தள்ளும். முன்னே குழாய்களை வெல்டு செய்த சட்டம், மேலே இலேசான கூடு. ரேஸ் கார் ரெடி. உதிரி பாகம் எந்த ஊர் மாருதி கடையிலும் கிடைக்கும். எண்பதுகளின் கடைசியில் கரியின் சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறை இப்படித்தான் ஃபார்முலா மாருதி கார்களைச் செய்தது.

இது உலகத்தில் இல்லாத புதுமை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காக்காரர்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா வீ நடத்தினார்கள். இங்கிலாந்தில் 1967ல் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், விலை கட்டுக்குள், மீதி ஓட்டுகிறவன் கையில் என்பதுதான் அதன் சூத்திரம். கரி செய்தது அந்தச் சூத்திரத்தை நம் ஊர் சாமான்களில் செய்து காட்டியது. கோவையில் அது முடிந்ததிலும் ஆச்சரியமில்லை. ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிப் பார்த்தே தொழில் கற்ற ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. மில் மெஷினும் பம்பு மோட்டாரும் செய்து பழகிய ஊர். சந்துக்குச் சந்து லேத்து ஓடும். நீங்கள் கேட்கிற அளவில் ஒரு ஷாஃப்ட் சாயங்காலத்துக்குள் கடைந்து வந்துவிடும்.

1990ல் இருங்காட்டுக்கோட்டையில் புது ரேஸ் பாதை வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார் நரேன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். ரத்தத்தில் ஓடியது என்றே சொல்லலாம். 1992ல் பிரான்சில் பயிற்சி, 1993ல் மறுபடி ஃபார்முலா மாருதி, 1994ல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலப் போட்டியில் பட்டம். ஐரோப்பாவில் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்.

1995 ஆகஸ்ட் 24 அன்று ஒரு சிறு விமான விபத்தில் கரி இறந்துபோனார். நாற்பது வயதுதான்.

மறு வருஷம் நரேன் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1ல் இறங்கினார். அதே வருஷம் ஜூன் 19, இண்டியானாபோலிஸில் நாலாவது இடம், ஐந்து புள்ளிகள். அன்று மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் விலகிக்கொண்டன. ஓடியவை ஆறே கார்கள். ஆறில் நாலாவதா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. அந்த ஆறில் ஒன்றாக நிற்பதற்கே இந்தியாவிலிருந்து அதுவரை ஒருவரும் போனதில்லை. அதைப் பார்க்கக் கரி இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.

போத்தனூர் தாண்டிச் செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த 2.1 கிலோமீட்டர் ரேஸ் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். செயினுக்குப் பேர்போன எல்.ஜி.பி.யின் பெயரில் ஃபார்முலா 4 கார்கள் அங்கே ஓடுகின்றன. அவற்றிலும் மாருதி எஞ்சின்தான். 2021லிருந்து ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் தனிப் போட்டியாக ஓடுகின்றன. இன்றும் இது ஏழைகளின் விளையாட்டு ஆகிவிடவில்லை. டயருக்கே நல்ல காசு வேண்டும். ஆனாலும் கடல் தாண்டி வரும் காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கரியின் பெயராவது பலகையில் இருக்கிறது. அந்தக் கார்களுக்குக் குழாய் வளைத்தவர்கள், வெல்டிங் அடித்தவர்கள், எஞ்சின் இறக்கி ஏற்றியவர்கள் இன்றைக்கு அறுபது எழுபது வயதில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் எங்காவது இருப்பார்கள். உங்களில் யாராவது அந்தப் பட்டறையில் வேலை பார்த்திருந்தால், இல்லை பார்த்தவரைத் தெரிந்திருந்தால், ஒரு வரி எழுதிப் போடுங்க. எழுத முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்க. நானே நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.