கிள்ளான் சமவெளியில் கோப்பிக் காலம்

கோப்பி மலையை நாடும் பயிர். ஜாவாத் தீவில் எரிமலைச் சாரல்களின் வளமான மண்ணில் அது செழித்தது. அவ்விடத்துக்கு அதன் கன்றுகள் சென்றதும் இந்தியாவின் மலபார்க் கரையிலிருந்துதான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு வணிகர் அவற்றைக் கொண்டு சென்றனர். இலங்கையிலும் கண்டி மலைநாடே கோப்பிக்குப் பெயர் பெற்றது. எரிமலையும் இல்லாத, குளிர்ந்த மலைச்சாரலும் இல்லாத கிள்ளான் சமவெளி கோப்பிக்குப் பெயர் பெற்றிருந்த ஒரு காலமும் உண்டு. சிலாங்கூரின் தோட்டத் தமிழரை ரப்பர் அழைத்து வந்தது என்று கூறிவிடுவது வழக்கம். அவர்களுள் முன்னோடிகளை அழைத்து வந்தது கோப்பியே.

1879இல் கிள்ளானைக் கண்ட இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கு அவ்வூர் களையிழந்த, வாட்டமுற்ற இடமாகவே தோன்றிற்று. அங்கு யாரேனும் பணம் போடுவர் என்று அன்று சொல்லியிருந்தால் நகைத்திருப்பார்கள். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெள்ளைக்காரத் துரைமார் வந்து, காட்டைச் சுற்றிப் பார்த்து, நிலம் கேட்டு நின்றனர். காரணம் கிள்ளானில் இல்லை; இலங்கையில் இருந்தது.

1869இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் ஒன்று காணப்பட்டது. அது ஒரு பூஞ்சண நோய். முதலில் அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. விலை நன்றாக இருந்ததால் மேலும் மேலும் காடழித்துக் கோப்பியே நட்டனர். 1880இல் மார்ஷல் வார்டு என்னும் தாவர அறிஞர் வந்து ஆராய்ந்தபோது காலம் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. சிலர் தேயிலைக்கு மாறினர். சிலர் கப்பலேறி மலாயா வந்தனர். ஹெஸ்லாப் ஹில் அவ்வாறு வந்தவர். பிற்காலத்தில் கேரித் தீவுக்குத் தம் பெயரைத் தந்த வேலண்டைன் கேரியும் அவ்வழி வந்தவரே.

அவர்கள் நம்பியது லைபீரியக் கோப்பியை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குரிய இவ்வினம் மரம்போல் உயர்ந்து வளரும். இலையும் கனியும் பெரியவை. தாழ்நிலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும். மலைக்கோப்பியின் நறுமணத்துக்குப் பழகிய ஐரோப்பியச் சந்தை இதனை அத்துணை விரும்பவில்லை என்பதுதான் குறை. ஆயினும் விலை ஏறியிருந்தபோது அக்குறையை யார் எண்ணினார்? கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை 1886இல் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. 1890இல் பாலம் அமைந்து பாதை கிள்ளானை எட்டியது. ஈயத்துக்கென்று போட்ட தண்டவாளம் கோப்பி மூட்டைகளுக்கும் பயன்பட்டது. செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியராகத் தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் பின்னர்க் குடியேறியதும் இப்பாதையின் விளைவே.

துரைமார் இலங்கையிலிருந்து பணத்தை மட்டும் கொண்டு வரவில்லை. தமிழ்க் கூலிகளைக் கொண்டு தோட்டம் நடத்தும் முறையையும் கொண்டு வந்தனர். அங்குப் பழகிய கங்காணி முறை இங்கும் வேரூன்றியது. கங்காணி சொந்த ஊருக்குச் சென்று, உறவினரிடமும் ஊராரிடமும் பேசி, முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். அந்த முன்பணமே தொழிலாளியின் முதற்கடன். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் பலர். கிள்ளானின் தாழ்ந்த களிமண் நிலத்தில் வடிகால் வெட்டாமல் எதுவும் நட இயலாது. தேங்கிய நீரில் கொசு பெருகிற்று. மலேரியா லயங்களைச் சூழ்ந்தது. 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகமும் அக்காய்ச்சலால் முடங்கும் நிலைக்கு வந்தது. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பை வடித்துக் கொசுவை ஒடுக்கிய பிறகுதான் கிள்ளான் மூச்சு விட்டது. அதற்கு முன் மாண்ட தொழிலாளரைக் கணக்குப் புத்தகங்கள் செலவினமாகக்கூட எழுதவில்லை.

நிற்க, கோப்பியின் வீழ்ச்சி விரைவாகவே வந்தது. 1890களின் பிற்பகுதியில் பிரேசில் உலகச் சந்தையில் கோப்பியைக் கொட்டிக் குவித்தது, விலை சரிந்தது. இலைகளை மொட்டையடிக்கும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களும் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவின. இலங்கையில் ஒருமுறை அழிந்தவர்கள் இங்கு மறுமுறை அழிய வேண்டியவர்களே. அவர்களைக் காத்தது, கோப்பி வரிசைகளுக்கிடையே நட்டிருந்த ரப்பர்க் கன்று. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவர் ரிட்லி, கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் நடும்படி வற்புறுத்தி வந்தவர்; அவரைப் பித்தர் என்றே பலர் ஏளனம் செய்தனர். காஜாங்கில் கோப்பி பயிரிட்ட கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவில் ரப்பரையும் நட்டனர். மரம் பால் தரும் வரை கோப்பி சோறு போட்டது. பால் வந்ததும் கோப்பியை வெட்டி எறிந்தனர். 1906இல் கிள்ளானில் ஹைலண்ட்ஸ் அண்டு லோலண்ட்ஸ் என்ற ரப்பர்க் கம்பெனி தோன்றியது. மேட்டுநிலம் என்று பொருள்படும் பெயரைக் கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த ஒரு தோட்டத்துக்குச் சூட்டியவரின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்! 1910இல் இலண்டனில் ஒரு இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது.

பயிர் மாறியபோது முதலாளியின் பணமும் மாறிக்கொண்டது. களை பிடுங்கியவரும் வடிகால் வெட்டியவரும் அதே லயங்களில் இருந்தனர். மண்வெட்டிக்குப் பதிலாகப் பால்வெட்டும் கத்தியைப் பிடித்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி வழி ஆள் வருவது 1938இல் இந்திய அரசின் தடையால் முடிந்தது.

லைபீரியக் கோப்பி அடியோடு மறைந்துவிடவில்லை. கிள்ளானுக்குத் தெற்கே பந்திங் வட்டாரத்தில் சிறு நிலக்காரர்கள் இன்றும் அதனைப் பயிரிடுகின்றனர்.