இருபதாயிரம் பேர் எந்தப் பக்கம்?

அண்ணாமலை நிழலில் – 14

சென்ற வாரம் கண்ணனூர்க் கோட்டை வாசலில் நிறுத்தியிருந்தேன். உள்ளே மதுரை சுல்தானின் ஆட்கள். வெளியே ஹொய்சள அரசர் வல்லாள மகாராஜாவின் சேனை. முற்றுகை தொடங்கிப் பத்து மாதம். கோட்டைக்குள் இனிப் பதினான்கு நாளைக்குத்தான் தானியம் இருக்கிறது. சரணடைந்தால் உயிரோடு போகலாம் என்று மகாராஜா சொல்லி அனுப்புகிறார். எங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அவகாசம் கேட்கிறார்கள். எண்பது வயதைத் தொட்ட மனிதர், பதினான்கு நாள்தானே என்று இசைந்துவிட்டார்.

அங்கேதான் சனி பிடித்தது.

ஆண்டு 1342. கோட்டையிலிருந்து போன கடிதம் மதுரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கூடியவர்கள் முன்னால் படிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள். செத்தாலும் சரி, போய் மோதுவது என்று முடிவாயிற்று. முன்னணியில் செல்ல முந்நூறு பேர் முன்வந்தார்கள். தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். திரும்பி வரும் எண்ணமில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பின்னால் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியே வந்தார்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் மொராக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா. சுல்தானுக்குச் சகலை. இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அப்படியானால் சகலைக்கு வேண்டியதைத்தானே எழுதியிருப்பார் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

சேனை வந்து சேர்ந்தது உச்சிவெயில் நேரம். மகாராஜாவின் பாசறை மதியத் தூக்கத்தில் கிடந்தது. குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள். கூச்சல் கேட்டதும் யாரோ கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து, ஆயத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். பாசறை சிதறியது. ஓட வழி தேடிய கிழவர் ஒருவரைச் சுல்தானின் சகோதரர் மகன் நசீருத்தீன் மடக்கி வெட்டப் போனார். யாரென்று அவருக்குத் தெரியாது. கூட இருந்த அடிமை ஒருவன் குறுக்கே வந்து, இவர்தான் ராஜா என்றான். கத்தி நின்றது.

சுல்தான் கைதியை மரியாதையோடுதான் வைத்திருந்தார். விடுதலை செய்வதாகச் சொல்லிப் பொன்னையும் யானைகளையும் குதிரைகளையும் ஒவ்வொன்றாகக் கறந்தார். கறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் கொன்று, தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார். இப்னு பதூதா அதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக எழுதுகிறார்.

இனி அறுநூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கிறேன்.

1940 மார்ச், லாகூர். முஸ்லிம் லீக் மாநாட்டில் ஜின்னா ஒரு வாதத்தை வைக்கிறார். இந்துக்களும் முஸ்லிம்களும் இரண்டு சமயங்கள் மட்டுமல்ல, இரண்டு தேசங்கள். ஒருவருக்கு வீரனாக இருப்பவன் மற்றவருக்குப் பகைவன், ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வி. மறுதரப்பும் இதைச் சொல்லாமல் இல்லை. 1937இல் அகமதாபாதில் இந்து மகாசபையின் தலைமையுரையில், இந்த நாட்டில் இரண்டு தேசங்கள் இருப்பதாகச் சாவர்க்கர் பேசியிருந்தார். தீர்வில் இருவரும் எதிரெதிர். ஒருவர் நாட்டைப் பிரிக்கச் சொன்னார், மற்றவர் பிரிக்கக் கூடாதென்றார். ஆனால் கணக்கைத் தொடங்கிய இடம் ஒன்றுதான். 1941 ஏப்ரலில் லீக்கின் மாநாடு சென்னையிலேயே கூடியபோது இந்தப் பேச்சு நம் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

வரலாற்று நூல்கள் அதற்கு முன்பே களத்தைச் சமன்படுத்தி வைத்திருந்தன. 1900இல் ராபர்ட் சூவெல் விஜயநகரத்தை முகமதியப் படையெடுப்புக்கு எதிரான இந்து அரணாக எழுதிவிட்டார். 1921இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் தென்னிந்தியாவையும் அதன் மீது படையெடுத்த முகமதியரையும் பற்றித் தனி நூலே எழுதினார். ஐயங்காரின் உழைப்பு பெரிது. கல்வெட்டையும் பாரசீக நூலையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர். இருந்தாலும் இந்த வரிசையில் படித்துவந்த ஒருவருக்கு வல்லாளர் கண்ணனூரில் வீழ்ந்த இந்து தேசத்தின் காவலராகத் தெரிந்தால் வியப்பில்லை. மதிலில் தொங்கிய உடலைவிட வலுவான சாட்சி வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே இப்னு பதூதா, அதே பக்கங்களில், இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். வல்லாளரின் சேனை லட்சத்துக்கும் மேல். அதோடு முஸ்லிம்கள் சுமார் இருபதாயிரம்.

மீண்டும் படியுங்கள். திருவண்ணாமலையிலிருந்து மதுரை சுல்தானை அழிக்கப் புறப்பட்ட படையில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் முஸ்லிம்!

இப்னு பதூதாவுக்கே இது தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும். அவர்களெல்லாம் போக்கிரிகள், குற்றவாளிகள், ஓடிவந்த அடிமைகள் என்று ஒரு வசவோடு கடந்துவிடுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். அந்தக் காலத்து எழுத்தாளர்கள் சேனையை எண்ணும்போது தாராளமானவர்கள். பாதிக்குப் பாதி தள்ளினாலும் பத்தாயிரம் பேர் மிஞ்சுகிறார்கள். கூலி கொடுத்தவனுக்காக அவர்கள் வாள் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

இது புதிதும் அல்ல. பாண்டியர் அரசவையில் தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்ற முஸ்லிம் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்கிறார். 1311இல் மாலிக் கபூர் தெற்கே வந்தபோது பாண்டியன் படையிலும் முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள். சரி, அந்த மாலிக் கபூரின் படைக்குப் பாண்டிய நாட்டுக்குள் வழிகாட்டியது யார்?

இதே வல்லாளர்தான். அந்த ஆண்டு துவாரசமுத்திரத்தில் கபூரிடம் பணிந்தவர், பாண்டியர் மீது பாய அவருக்கு உதவினார். அப்போது பாண்டியர் இந்துக்கள் என்பதும் கபூர் டில்லி சுல்தானின் தளபதி என்பதும் அவருடைய கணக்கில் வரவில்லை. பாண்டியர் பங்காளிச் சண்டையில் தனக்கு என்ன கிடைக்கும் என்பது வந்தது. பிறகு துக்ளக் படைகள் தலைநகரைச் சூறையாடவே தெற்கே நகர்ந்து திருவண்ணாமலையில் நிலைகொண்டார். கல்வெட்டுகளில் உண்ணாமுலைப்பட்டினம் என்று ஊரின் பெயர் வருகிறது. கண்ணனூரை அவர் வளைத்ததற்கும் காரணம் இருக்கிறது. அது அவருடைய பாட்டன் சோமேசுவரன் தலைநகராக வைத்திருந்த ஊர். பாட்டன் சொத்தை மீட்கப் போனார்.

அதற்காக மதம் அங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்ல வந்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜும்ஆ கூட்டத்தின் அழுகை பொய்யல்ல. கியாசுத்தீன் காட்டில் பிடித்த இந்துக்களைக் கழுவேற்றினார், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளைக் கொன்றார். இதை எழுதியவரும் அந்தச் சகலைதான். வேறெந்த அரசனும் செய்து கேள்விப்படாத கொடுமை இது, இதற்காகவே இறைவன் அவர் முடிவை விரைவாக்கினான் என்று தீர்ப்பும் சொல்கிறார். முன்பு பொறுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே மதத்தவர் எல்லோரும் ஒரே தேசம் என்றால், இந்தத் தீர்ப்பை இப்னு பதூதா எந்தத் தேசத்தில் உட்கார்ந்து எழுதினார்? வல்லாளர் பாசறையில் செத்த முஸ்லிம்கள் எந்தத் தேசத்துக்காகச் செத்தார்கள்?

திருவண்ணாமலைக்காரர்கள் மகாராஜாவை வேறு விதமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது ஊர்க்கதை. தைப்பூசத்தன்று ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி முடியும் நேரத்தில் மகாராஜா போரில் இறந்த சேதி வருகிறது. மேளதாளம் நின்றுவிடுகிறது. சுவாமி வாத்தியமில்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ஆற்றங்கரையில் தகப்பனுக்குத் திதி கொடுக்கிறார். இந்த ஆண்டும் போய்ப் பார்க்கலாம். அப்பனை இழந்த மகனின் துக்கம் அது; பழிவாங்கும் சபதம் அதில் இல்லை.

பழி தீர்க்கும் வேலை வேறொருவர் கைக்குப் போனது. துங்கபத்திரைக் கரையில் சங்கம சகோதரர்கள் ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் புக்கரின் மகன் குமார கம்பணர்தான் பின்னால் மதுரை சுல்தானியத்தை முறியடிக்கப் போகிறவர். இந்து அரண் என்று சூவெல் எழுதினாரே, அந்த விஜயநகரத்தின் அதே புக்கர் 1350களில் கல்வெட்டில் தனக்கு ஒரு விருதுப்பெயர் வெட்டிக்கொள்கிறார்: சுல்தான்!

மதுரை சுல்தானை ஒழிக்கப் புறப்பட்ட குலம் தன்னையே ஏன் சுல்தான் என்று அழைத்துக்கொண்டது? அடுத்த வாரம் ஹம்பிக்குப் போய்க் கேட்போம்.

(தொடரும்)