அல்பிரூனீயின் கணக்குப் பலகை

வானநூல் என்றவுடன் மலையுச்சி ஆய்வுக்கூடமும் பெரிய தொலைநோக்கியுமே நம் கண்முன் தோன்றுகின்றன. அவையின்றி அக்கலையை மாணவர்க்குப் புகட்ட இயலாது என்று எண்ணிவிடுகின்றோம். பேரறிஞர் அபூரைஹான் அல்பிரூனீயின் வாழ்வில் ஒரு நாள் இவ்வெண்ணத்திற்கு மறுமொழி தருகின்றது.

ஹிஜ்ரி 409, ஜமாதுல் ஆகிர் முதல் நாள்; அதாவது கி.பி. 1018 அக்டோபர் 14. தாயகமாகிய குவாரஸம் 1017இல் சுல்தான் மஹ்மூதின் படைக்கு வீழ்ந்தபின், காபூலுக்கு அருகே ஜைஃபூர் என்னும் சிற்றூரில் அவர் மனத்துயருடன் இருந்தார். கருவி ஏதும் இல்லை. செய்துகொள்ளப் பொருளும் இல்லை. ஆயினும் அவ்வூரின் அட்சரேகையை அறிய விழைந்தார். கணக்கெழுதும் பலகையைத் திருப்பி, அதன் முதுகில் வட்டவில் ஒன்று வரைந்து, ஒவ்வொரு பாகையையும் ஆறு கூறாக்கினார். தூக்குநூல் தொங்கவிட்டு நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்தார். இதனைத் ‘தஹ்தீத்’ என்னும் நூலில் அவரே பதிந்துள்ளார்.

அவ்வறிஞரே 1029இல் கஸ்னாவில், ரைஹானா பின்த் அல்ஹஸன் என்னும் பெண்மணிக்காகக் ‘கிதாபுத் தஃப்ஹீம்’ என்னும் நூலை வினாவிடை வடிவில் யாத்தார். புள்ளி, கோடு, எண் என அடிப்படையிலிருந்து தொடங்கி, படிப்படியாக வானுக்கு ஏற்றிச் செல்கின்றார். பெண்மக்களுக்குக் கல்வி எதற்கு என்று நம் ஊர்களில் ஒரு காலத்தில் வாதிட்டோர் இந்நூலைக் கேள்வியுற்றதில்லை போலும்!

அரபு வானநூலார் கையாண்ட எளிய முறைகளுள் ஒன்று ‘இந்திய வட்டம்’. இந்தியரிடம் பெற்றது என்பதைப் பெயரே அறிவிக்கின்றது. சமதரையில் வட்டம் வரைந்து, நடுவே குச்சியொன்றைச் செங்குத்தாக நாட்ட வேண்டும். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துள் புகும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறிக்க வேண்டும். அவ்விரு குறிகளுக்கும் சரிநடுவிலிருந்து குச்சிக்குக் கோடிழுத்தால் அதுவே வடக்கு தெற்கு.

நம் பிள்ளைகள் பள்ளிவாசலில் தொங்கும் நேர அட்டவணையைப் படித்து அஸர் எத்தனை மணிக்கு என்பர். அம்மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விழிப்பர். குற்றம் அவர்களுடையதன்று, நாம் காட்டவில்லை. நண்பகல் நிழலுக்கு மேல் குச்சியின் நீளமளவு நிழல் கூடும்போது ஷாஃபியீ மத்ஹபில் அஸர் தொடங்குகின்றது. இதனை ஒரு முழக் குச்சியும் ஒரு நூற்கயிறும் கொண்டு மதரஸா முற்றத்திலேயே அளந்துவிடலாம்.

கிப்லாவையும் அவ்வாறே காணலாம். ஆண்டுதோறும் மே 28 அளவில், இந்திய இலங்கை நேரப்படி பிற்பகல் 2.48 மணியளவில், சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கின்றது. அவ்வேளை நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கினால் அத்திசையே கிப்லா. மேகம் மறைத்துவிட்டால் ஜூலை 16 அளவில், 2.57 மணிக்கு, அவ்வாய்ப்பு மீண்டும் வருகின்றது.