கைம்மை என்னும் தீர்ப்பு

கைம்மை என்பது இழப்பின் பெயர் மட்டுமன்று. சமூகம் ஒரு பெண்மீது எழுதிய தீர்ப்பின் பெயரும்கூட. புறநானூற்றின் 246ஆம் பாடலில், வேளைக்கீரை உண்டு, பாயின்றிப் பருக்கைக் கற்களின்மேல் படுக்கும் வாழ்வைவிட ஈமத்தீயே தனக்கு உகந்தது என்கிறாள் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவனை இழந்த துயரோடு, இனித் தான் என்னவாகக் கருதப்படுவோம் என்ற அச்சமும் அங்கே பேசுகிறது என்றே நான் வாசிக்கிறேன்.

1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. சட்டம் உரிமையைத் தந்தது. ஊரின் பார்வையை மாற்றவில்லை. சென்னை மாகாணத்துப் பிராமணக் குடும்பங்கள் பலவற்றில் இளம் விதவைக்குத் தலை மழிக்கப்பட்டது. பூவும் பொட்டும் மறுக்கப்பட்டன. அவள் எதிரே வருவதே அபசகுனம் எனப்பட்டது. கணவன் முகத்தைக்கூடச் சரியாக அறியாத சிறுமிக்குத் துக்கம் புரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தன்னைக் கண்டு திரும்பிக்கொள்ளும் முகங்கள் புரிந்திருக்கும். பிறர் கண்களே கண்ணாடியாகிவிட்ட வீட்டில், தான் தீங்கானவள் என்று அவளே நம்பத் தொடங்குவதற்கு எத்தனை நாளாகும்?

1886இல் பிறந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமியும் பதினொரு வயதளவில் மணமாகி, விரைவிலேயே கணவனை இழந்தவர். வீட்டார் அவரை மூலையில் முடக்காமல் படிக்க வைத்தனர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இளம் விதவையருக்கான இல்லப் பணியைத் தொடங்கினார். பின்னர் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் வளர்ந்தது.

அந்த இல்லம் பிராமண விதவையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. வைதிகரின் எதிர்ப்புக்கு நடுவே ஆசாரங்களோடு சமரசம் செய்துகொண்டே அது நடந்தது. ஆயினும் அங்கே நிகழ்ந்தது ஆறுதல் கூறலைவிடப் பெரியது. அபசகுனம் எனப்பட்ட பெண்கள் படித்து ஆசிரியைகள் ஆயினர். காலையில் எவர் முகத்தில் விழிக்கக்கூடாது என்றார்களோ, அவர் முகம் பார்த்துக் குழந்தைகள் எழுத்துக் கற்றனர்.

சுப்புலட்சுமியை நாடு 'சகோதரி' என்று அழைத்தது. 1969இல் மறையும்வரை, மறைந்த பின்னும், அதுவே அவர் பெயர். ஊர் இட்ட பெயரால் குறுகிய மனம் வெறும் தேற்றுமொழியால் நிமிர்வதில்லை. அதற்கு வேறொரு பெயரும், அப்பெயருக்குரிய வேலையும், அப்பெயர் சொல்லி அழைக்க நாலு பேரும் வேண்டும்.